ஒட்டுக் கடைசலும் வீட்டுப் பட்டறையும்

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், இருப்புப்பாதையை ஒட்டி அமைந்துள்ள சிற்றூர் லாயாங் லாயாங். மலாய்மொழியில் இப்பெயர் வானில் பறக்கும் பட்டத்தையும் தகைவிலான் குருவியையும் குறிக்கும். இவ்வட்டாரம் இரப்பர், செம்பனைத் தோட்டங்களால் சூழப்பட்டது. இரப்பர் மரம் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் வரை பால் தரும். பால் குறைந்ததும் அம்மரம் வெட்டப்பட்டு, அவ்விடத்தில் புதிய கன்று நடப்படும். வெட்டப்பட்ட மரத்தின் நேரான பகுதிகள் அறுவை ஆலைக்குச் செல்லும். ஒரு சாண், ஒரு முழம் எனக் குட்டையான துண்டுகள் மிஞ்சும். இத்தகைய துண்டுகளிலிருந்து அழகிய கிண்ணங்களையும் குவளைகளையும் உருவாக்கும் கலை ஒன்று உள்ளது. துண்டுகளை ஒட்டிக் கடையும் அக்கலையை ஒட்டுக் கடைசல் எனலாம். வீட்டுப் பட்டறையில் அதனைச் செய்வதற்கு எத்தகைய கருவிகள் தேவை, ஒவ்வொன்றும் ஏன் தேவை என்பதை அறிவது பயனுடையதாகும்.

விறகாக எரிந்த மரம்

1876-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டிலிருந்து இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவிற்கு இரப்பர் விதைகள் கொண்டு செல்லப்பட்டன. அவற்றிலிருந்து முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூரை வந்தடைந்தன. அடுத்த சில பத்தாண்டுகளில் மலாயாவின் பொருளாதாரமே இம்மரத்தைச் சார்ந்து நின்றது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள் விடியற்காலையில் எழுந்து இம்மரங்களைச் சீவினர். பாலுக்கு விலை இருந்தது. மரத்திற்கு விலை இல்லை. பால் வற்றிய மரம் விறகாகவே எரிந்தது.

அதற்குக் காரணம் உண்டு. இரப்பர் மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுதி. எனவே, வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சணம் பற்றி மரம் நீலம் பாய்ந்துவிடும், வண்டுகளும் துளையிடும். கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வுகள் இச்சிக்கலுக்குத் தீர்வு கண்டன. அறுத்த பலகையை உடனடியாகப் போரான் கலந்த கரைசலால் பதப்படுத்தி, பின் சூளையில் உலர்த்தினால் அது நீடித்து உழைக்கும் என்பது உறுதியானது. 1980-ஆம் ஆண்டுகளிலிருந்து இரப்பர் மர அறைகலன்கள் வெளிநாடுகளுக்குப் பெருமளவில் ஏற்றுமதியாகத் தொடங்கின. ஜொகூரின் மூவார் நகரம் அறைகலன் தொழிலுக்குப் பெயர்பெற்ற இடமாக வளர்ந்தது.

எனினும், இரப்பர் மரத்திலிருந்து நீண்ட பலகை கிடைப்பது அரிது. அடிமரம் குட்டையானது, பல ஆண்டுகள் சீவிய தழும்புகளும் அதில் இருக்கும். ஆகவே, தொழிற்சாலைகளில் சிறு துண்டுகளின் முனைகளைக் கோத்த விரல்களைப்போல் வெட்டி, பசையிட்டு இணைத்துப் பெரிய பலகையாக்குகின்றனர். மேசையின் மேற்பரப்பை உற்று நோக்கினால் இந்த இணைப்புகளைக் காணலாம். தொழிற்சாலை பலகைக்குச் செய்வதை ஒரு கைவினைஞர் கிண்ணத்திற்குச் செய்வதே ஒட்டுக் கடைசலாகும்.

கடைசலும் தமிழர் மரபும்

மரத்தைச் சுழலவிட்டு, உளியால் செதுக்கி உருண்டை வடிவம் தருவது கடைசல். தயிர் கடைவதற்கும் மரம் கடைவதற்கும் தமிழில் ஒரே வினைச்சொல்லே வழங்குகிறது. மத்தில் சுற்றிய கயிற்றை மாறி மாறி இழுப்பதுபோலவே, பழங்காலத்தில் கடைசல் மரத்தையும் கயிறு கட்டி இழுத்துச் சுழற்றினர். திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரத்தில் சிறுமியர் விளையாடும் மரச்சொப்புகள் இன்றும் கடையப்படுகின்றன. கர்நாடகத்தின் சென்னப்பட்டணமும் கடைசல் பொம்மைகளுக்குப் புகழ்பெற்றது. அங்குச் சுழலும் பொம்மையின்மீது வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவர். உராய்வின் வெப்பத்தால் அரக்கு உருகி, மரத்தின்மேல் பளபளப்பாகப் படியும்.

துண்டுகளை இணைத்து வட்டமாக்குவதும் தமிழருக்குப் புதிதன்று. மாட்டு வண்டியின் சக்கரம் அதற்குச் சான்று. நடுவில் குடம், அதிலிருந்து விரியும் ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி வட்டை என அச்சக்கரம் அமைந்திருக்கும். வட்டை ஒரே மரத்தால் ஆனதன்று. வளைவாகச் செதுக்கிய பல துண்டுகளின் தொகுப்பாகும். அத்துண்டுகளைச் சுற்றிப் பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டையை மாட்டி, உடனே நீரூற்றிக் குளிர்விப்பர். பட்டை சுருங்கும்போது எல்லாத் துண்டுகளும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும். வீணையிலும் இருவகை உண்டு. ஒரே பலாமரத்தில் குடைந்து செய்வது ஏகாந்த வீணை. பகுதிகளைத் தனித்தனியே செய்து இணைப்பது ஒட்டு வீணை.

ஒட்டுக் கடைசலில் முதலில் மரக்கீற்றைச் சிறுசிறு துண்டுகளாக அறுக்க வேண்டும். அத்துண்டுகளை ஒட்டி வளையங்களாக்க வேண்டும். வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டினால் படிக்கட்டுபோன்ற ஓர் உருளை கிடைக்கும். அதனைக் கடைந்தால் கிண்ணம் உருவாகும். வெளிர்நிற இரப்பர் மரத்துடன் சிவந்த மெராந்தி, மஞ்சள்நிறப் பலா, கரும்பழுப்பான மெர்பாவ் ஆகியவற்றைக் கலந்தால், சாயம் எதுவும் பூசாமலேயே கோலம்போன்ற வடிவங்கள் தோன்றும்.

வளையத்தின் கணக்கு

இக்கலையைக் கற்க விரும்புவோர் பலர், பெரிய கடைசல் இயந்திரமே முதல் தேவை என்று எண்ணுகின்றனர். உண்மையில், கிண்ணத்தின் தரம் கடைசல் தொடங்குவதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. இதனை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம்.

ஒரு வளையத்தில் 12 துண்டுகள் உள்ளன எனக் கொள்வோம். முழு வட்டம் 360 பாகை. ஆகவே, ஒவ்வொரு துண்டுக்கும் 30 பாகை. ஒரு துண்டுக்கு இரு முனைகள் இருப்பதால் ஒவ்வொரு முனையையும் 15 பாகை சாய்வாக அறுக்க வேண்டும். மொத்தம் 24 வெட்டுகள். ஒவ்வொரு வெட்டிலும் கால் பாகை மட்டுமே பிழை ஏற்பட்டால்கூட, 24 வெட்டுகளின் பிழையும் ஒன்றுசேர்ந்து 6 பாகையாகிவிடும். 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளையத்தின் விளிம்பில் இது 10 மில்லிமீட்டருக்கும் சற்று மிகுதியான இடைவெளி. ஒரு துண்டில் கண்ணுக்குப் புலப்படாத பிழை, வளையம் முழுமையாகும்போது சுண்டுவிரல் நுழையும் அளவிற்கு வளர்ந்துவிடுகிறது. 'சிறு துளி பெரு வெள்ளம்' என்பது சேமிப்புக்கு மட்டுமன்றிப் பிழைக்கும் பொருந்தும்.

துண்டின் நீளத்தையும் கணக்கிடலாம். வளையத்தின் விட்டத்தை, துண்டின் சாய்வுக் கோணத்தின் தொடுகோட்டு விகிதத்தால் பெருக்கினால் துண்டின் வெளிப்பக்க நீளம் கிடைக்கும். 15 பாகையின் தொடுகோட்டு விகிதம் 0.268. எனவே, 200 மில்லிமீட்டர் விட்டத்திற்கு ஒவ்வொரு துண்டின் வெளிப்பக்கமும் 53.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதே வளையத்தை 8 துண்டுகளால் செய்தால் 82.8 மில்லிமீட்டரும், 16 துண்டுகளால் செய்தால் 39.8 மில்லிமீட்டரும் தேவைப்படும். கடையும்போது சற்றுத் தேய்வு ஏற்படும் என்பதால் ஓரிரு மில்லிமீட்டர் கூட்டி அறுப்பது நன்று.

30 மில்லிமீட்டர் அகலமுள்ள கீற்றாக இருந்தால், 12 துண்டுகளுக்கு ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் நீளமே போதும். ஒவ்வொரு வளையமும் 20 மில்லிமீட்டர் தடிப்பு எனில், ஏழு வளையங்கள் 140 மில்லிமீட்டர் உயரம் தரும். அவற்றுக்கு 84 துண்டுகள் வேண்டும். இவை அனைத்தும் எவரும் வேண்டா எனத் தள்ளும் குட்டைக் கீற்றுகளிலிருந்தே கிடைத்துவிடும். முழுக் கட்டையில் இதே கிண்ணத்தைக் கடைய வேண்டுமெனில், அதற்கேற்ற பருமனான கட்டையைத் தேட வேண்டும். வெடிக்காமல் உலர மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும்.

அளக்கும் கருவிகள்

பட்டறையின் முதல் தேவை அளவுக் கருவிகள். எஃகு அளவுகோல், கவராயம், கோணமானி, மூலைமட்டம், வெர்னியர் காலிப்பர் ஆகியவை அவற்றுள் அடங்கும். காலிப்பர் துண்டின் நீளத்தையும் வளையத்தின் தடிப்பையும் மில்லிமீட்டரின் சிறு பகுதிவரை காட்டும். கோணத்தைக் கோணமானியில் மட்டும் நம்பிவிடக் கூடாது. 12 துண்டுகளைப் பசையின்றி வட்டமாக அடுக்கி, வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்ப்பதே சிறந்த சோதனை. இணைப்பின் வழியே ஒளிக்கீற்று தெரிந்தால் சாய்வைத் திருத்த வேண்டும்.

மரத்தின் ஈரப்பதத்தை அளக்கும் ஈரமானியும் பயனுள்ளது. மலேசியக் காற்றில் ஈரம் மிகுதி. மழைக்காலத்தில் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும். குளிரூட்டப்பட்ட அறையில் வைத்தால் உலர்ந்து சுருங்கும். வெவ்வேறு ஈரப்பதமுள்ள துண்டுகளை ஒட்டினால், சில மாதங்களில் ஒன்று சுருங்க மற்றொன்று அப்படியே நிற்க, இணைப்பு பிளந்துவிடும். எனவே, எல்லாத் துண்டுகளையும் ஒரே இடத்தில் சில வாரங்கள் வைத்திருந்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

அறுக்கும் கருவிகள்

துண்டுகளை அறுக்க மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, கோணத்தை நிலைநிறுத்தும் சட்டத்துடன் கூடிய கைவாள். இது விலை குறைந்தது, ஓசையும் குறைவு. தொடக்க நிலையில் உள்ளவர்க்கு இதுவே போதும். இரண்டாவது, மின்சாரத்தால் இயங்கும் கோண வாள். மூன்றாவது, மேசை வாள். இது விரைவானது, ஆனால், வீட்டுப் பட்டறைக் கருவிகளுள் மிகுந்த எச்சரிக்கையைக் கோருவதும் இதுவே.

மேசை வாளின்மேல் சறுக்கிச் செல்லும் பலகை ஒன்றைப் பலரும் தாங்களே செய்துகொள்கின்றனர். அப்பலகையில் இரண்டு அணைகட்டைகள் இருக்கும். அவற்றுக்கிடையே 30 பாகை ஆப்பு ஒன்றை வைத்துக் கோணத்தை அமைத்து, திருகாணியால் இறுக்கிய பின் ஆப்பை எடுத்துவிடுவர். மரக்கீற்றை ஒருமுறை இடப்பக்க அணையிலும் மறுமுறை வலப்பக்க அணையிலும் வைத்து அறுப்பர். இரு அணைகளுக்கும் இடைப்பட்ட கோணம் சரியாக 30 பாகையாக இருந்தால், ஒரு பக்கச் சாய்வு சற்றுக் கூடினாலும் மறுபக்கச் சாய்வு அதே அளவு குறைந்து அதனை ஈடுசெய்துவிடும். ஆகவே, ஒரு நல்ல ஆப்பு விலையுயர்ந்த இயந்திரத்திற்கு நிகரான துல்லியத்தைத் தருகிறது.

சிறு துண்டுகளை அறுக்கும்போது விரல்கள் வாளை நெருங்கும் அபாயம் உண்டு. துண்டைக் கையால் பிடிக்காமல், அழுத்துக்கட்டையாலோ கவ்வியாலோ பிடிக்க வேண்டும். அறுபட்ட துண்டு வாளின் அருகிலேயே கிடக்கும். சுழலும் பற்களில் பட்டால் அது கல்போல் தெறிக்கும். வாள் முற்றிலும் நின்ற பிறகே அதனை எடுக்க வேண்டும்.

வாளால் அறுத்த முனை சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். அதனைச் சீராக்கத் தேய்ப்பு வட்டு வேண்டும். இதற்கெனத் தனி இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. ஒட்டுப்பலகையை வட்டமாக வெட்டி, அதன்மேல் உப்புத்தாளை ஒட்டி, கடைசல் இயந்திரத்தின் முகத்தட்டில் பொருத்தினால் அதுவே தேய்ப்பு வட்டாகிவிடும். ஒரே இயந்திரம் இரு வேலைகளுக்குப் பயன்படும்.

ஒட்டும் கருவிகள்

ஒட்டுக் கடைசலுக்குத் தச்சர்கள் பயன்படுத்தும் வெண்ணிறப் பசையோ மஞ்சள் பசையோ ஏற்றது. வளையத்தில் துண்டுகள் சந்திக்கும் முகம் பெரும்பாலும் மரத்தின் குறுக்குவெட்டு முகமாக இருக்கும். மரத்தின் நுண்குழல்கள் அங்குத் திறந்திருப்பதால், உறிஞ்சுகுழல்போல் பசையை உள்ளே இழுத்துக்கொள்ளும். இணைப்பில் பசை மிஞ்சாது. எனவே, முதலில் மெல்லிய பூச்சு ஒன்றைத் தடவி, சில நிமிடங்கள் கழித்து மீண்டும் பசையிட்டு ஒட்ட வேண்டும்.

வளையத்தை இறுக்குவதற்கு, வாகனங்களின் நீர்க்குழாயை இறுக்கப் பயன்படும் எஃகுப் பட்டைக் கவ்வியே போதும். இரும்புப்பொருள் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் இக்கவ்வியின் திருகைத் திருப்பத் திருப்ப, பட்டை சுருங்கி எல்லாத் துண்டுகளையும் நடுவை நோக்கி ஒரே சீராக அழுத்தும். வண்டிச்சக்கரத்தின் இரும்புப் பட்டை வெப்பத்தால் செய்த வேலையை இது திருகாணியால் செய்கிறது.

பிழையைச் சமாளிக்கவும் ஒரு வழி உண்டு. 12 துண்டுகளையும் ஒரேயடியாக ஒட்டாமல், ஆறாறு துண்டுகள் கொண்ட இரண்டு அரைவளையங்களாக ஒட்டுவர். இரு அரைவளையங்களும் சந்திக்கும் இடங்களில் பசையிடாமல், மெல்லிய குச்சிகளை வைத்துப் பட்டைக் கவ்வியால் இறுக்குவர். பசை காய்ந்ததும் ஒவ்வோர் அரைவளையத்தின் இரு முனைகளையும் தேய்ப்பு வட்டில் வைத்து ஒரே நேர்க்கோட்டில் சமன்செய்வர். பத்து இணைப்புகளில் சேர்ந்த சிறு பிழைகள் அனைத்தும் இங்கே நீங்கிவிடும். அதன்பின் இரு பாதிகளையும் ஒட்டினால் இடைவெளியற்ற வளையம் கிடைக்கும்.

வளையங்களை அடுக்கும்போது செங்கல் சுவரின் முறையைப் பின்பற்ற வேண்டும். கீழ் வளையத்தின் இணைப்புக்கு நேர் மேலே, மேல் வளையத்துத் துண்டின் நடுப்பகுதி அமைய வேண்டும். அப்போதுதான் வலுக்குறைந்த குறுக்குவெட்டு இணைப்பை மேலும் கீழும் உள்ள துண்டுகள் தாங்கிப் பிடிக்கும். ஒட்டிய உருளையை ஒரு முழு நாளேனும் காயவிட வேண்டும். மேலே காய்ந்த பசை உள்ளே ஈரமாக இருக்கலாம். ஈரப் பசையுள்ள உருளையைச் சுழலவிடுவது ஆபத்தானது.

அடிப்பகுதியிலும் கவனம் தேவை. மரம் நீளவாக்கில் மிகச் சிறிதளவே சுருங்கும்; குறுக்குவாக்கில் அதைவிடப் பன்மடங்கு சுருங்கும். வளையத்தில் நார்கள் வட்டத்தைச் சுற்றி ஓடுவதால் அதன் விட்டம் பெரிதாக மாறாது. ஆனால், அடியில் வைக்கும் முழுப்பலகை குறுக்கே விரிந்து சுருங்கும். அகன்ற பலகையை வளையத்திற்குள் இறுக ஒட்டினால், அது உப்பும்போது வளையத்தையே பிளந்துவிடும். எனவே, அடிப்பலகை சிறியதாகவும் நன்கு உலர்ந்ததாகவும் இருக்க வேண்டும்.

கடைசல் இயந்திரமும் உளிகளும்

கடைசல் இயந்திரத்தில் மரத்தைச் சுழற்றும் தலைப்பகுதி, மறுமுனையைத் தாங்கும் வால்பகுதி, இரண்டையும் இணைக்கும் படுகை, உளியைத் தாங்கும் உளித்தாங்கி ஆகியவை முக்கிய உறுப்புகள். 200 மில்லிமீட்டர் கிண்ணத்திற்கு, 250 முதல் 300 மில்லிமீட்டர் விட்டம்வரை சுழற்றக்கூடிய சிறிய இயந்திரம் போதும். அரை முதல் ஒரு குதிரைத்திறன் கொண்ட மின்னோடி, வீட்டின் வழக்கமான மின்செருகியிலேயே இயங்கும். இயந்திரத்தின் பருமனைவிட, வேகத்தைக் குறைக்கவும் கூட்டவும் இயலுமா என்பதைப் பார்த்து வாங்குவதே அறிவுடைமை. ஒட்டிய உருளையைக் கெட்டியான மரத்தட்டு ஒன்றில் ஒட்டி, அத்தட்டை முகத்தட்டில் திருகாணிகளால் பொருத்துவர். நான்கு தாடைக் கவ்வி இருந்தால் வேலை எளிதாகும். அதனைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

வேகம் ஏன் முக்கியம்? 200 மில்லிமீட்டர் கிண்ணம் நிமிடத்திற்கு 1,000 முறை சுழன்றால், அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 38 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. 3,000 முறை சுழன்றால் அவ்வேகம் 113 கிலோமீட்டர். இது நம் நாட்டு நெடுஞ்சாலைகளில் அனுமதிக்கப்பட்ட 110 கிலோமீட்டரை மிஞ்சிய வேகமாகும். அவ்வேகத்தில் ஓர் இணைப்பு விட்டுப்போனால், துண்டு நேராகக் கடைபவரின் முகத்தை நோக்கியே பறந்து வரலாம். ஆகவே, கரடுமுரடான உருளையை மிகக் குறைந்த வேகத்தில் தொடங்கி, உருண்டையான பிறகே படிப்படியாக வேகத்தைக் கூட்ட வேண்டும்.

உளிகள் பல இருந்தாலும் மூன்று போதுமானவை. கிண்ணத்தின் உள்ளும் புறமும் செதுக்கக் கிண்ண உளி, மேற்பரப்பைச் சீராக்கச் சுரண்டி, கிண்ணத்தைத் தட்டிலிருந்து பிரிக்கப் பிரிப்பு உளி. நீண்ட கம்புகளை உருட்ட உதவும் அகன்ற முரட்டு உளியைக் கிண்ணத்திற்குப் பயன்படுத்தக் கூடாது. அதன் காம்பு மெலிந்தது. மரம் கொத்தி இழுத்தால் முறிந்துவிடும்.

உளியோடு சாணை இயந்திரமும் வாங்க வேண்டும். மழுங்கிய உளி மரத்தை வெட்டாது; பிய்க்கும். பிய்க்கும்போது கைக்கு அழுத்தம் மிகுந்து, உளி வழுக்கி, இணைப்புகளும் அதிரும். ஒரு கிண்ணத்தைக் கடைவதற்குள் பலமுறை சாணை பிடிக்க நேரும். கூரிய உளியால் கடைந்த மரத்தில் உப்புத்தாள் வேலையும் குறையும்; தூசியும் குறையும்.

உயிருக்குக் காவல்

வீட்டுப் பட்டறையில் மேற்பார்வையாளர் இல்லை. தொழிற்சாலையைப் போல் எச்சரிக்கைப் பலகைகளும் இல்லை. எனவே, பாதுகாப்பு முழுவதும் அங்கு வேலை செய்பவரின் பொறுப்பாகிறது. 'வருமுன் காப்பதே சிறந்தது' என்பதற்கேற்ப, முழு முகத்தையும் மறைக்கும் முகக்கவசம் வாங்காமல் கடைசல் இயந்திரம் வாங்கக் கூடாது. கண்ணாடி மட்டும் கண்ணைக் காக்கும். பறந்து வரும் துண்டு தாடையையும் நெற்றியையும் தாக்கக்கூடும்.

மரத்தூசி கண்ணுக்குத் தெரியாத பகைவன். உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துள்ளது. உப்புத்தாள் தேய்க்கும்போது எழும் நுண்தூசி நெடுநேரம் காற்றில் மிதக்கும். என்95 வகை முகமூடி, காற்றோட்டமான இடம், தூசி உறிஞ்சி ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று துணை. பட்டறையின் கதவு வீட்டின் கூடத்தை நோக்கித் திறந்திருந்தால், அத்தூசியைக் குழந்தைகளும் முதியவர்களும் சுவாசிக்க நேரிடும்.

கையுறை பாதுகாப்பானது என்று பலர் நினைப்பதுண்டு. சுழலும் இயந்திரத்தின் அருகில் அது எதிரியாகும். நூல் சிக்கினால் கையையே இழுத்துவிடும். தொங்கும் சட்டைக்கை, சங்கிலி, வளையல், கட்டாத கூந்தல் ஆகியவற்றுக்கும் இதே விதி. உப்புத்தாள் தேய்க்கும் முன் உளித்தாங்கியை அகற்றிவிட வேண்டும். இல்லையேல் விரல் அதற்கும் மரத்திற்கும் இடையே நசுங்கும். மாணவர்கள் பெரியவர் துணையின்றி மின்கருவிகளைத் தொடக் கூடாது.

எதனை முதலில் வாங்குவது?

லாயாங் லாயாங் போன்ற சிற்றூரில், வீட்டின் பின்புறத்துக் கூரையின்கீழ் பட்டறை அமைக்க விரும்பும் ஓர் இளைஞரிடம் குறைந்த பணமே இருக்கிறது எனக் கொள்வோம். அவர் முதலில் முகக்கவசம், முகமூடி, அளவுக் கருவிகள் ஆகியவற்றை வாங்கலாம். அடுத்து, கோணச் சட்டத்துடன் கூடிய கைவாள், பசை, சில பட்டைக் கவ்விகள். இவற்றைக் கொண்டே வளையம் செய்து பழகலாம். பத்து வளையங்களாவது ஒளிக்கீற்று தெரியாமல் பொருந்திய பிறகு, சிறிய கடைசல் இயந்திரத்தையும் மூன்று உளிகளையும் சாணை இயந்திரத்தையும் வாங்கலாம். பயன்படுத்திய இயந்திரமாயினும் நன்று. மேசை வாளும் நான்கு தாடைக் கவ்வியும் கடைசியில் வந்தால் போதும்.

மழையும் ஈரமும் மிகுந்த ஊர் என்பதால், இரும்புப் பாகங்களில் அவ்வப்போது எண்ணெய் தடவித் துரு பிடிக்காமல் காக்க வேண்டும். வரிசை வீடுகளில் வாழ்வோர் அண்டை வீட்டாரின் ஓய்வு நேரத்தில் ஓசையெழுப்பும் கருவிகளை இயக்காதிருப்பது நற்பண்பு. பசையிடுதல், அளத்தல், சாய்வைத் திருத்துதல் போன்ற ஓசையற்ற வேலைகளை இரவில் செய்துகொள்ளலாம். முடித்த கிண்ணத்திற்குத் தேங்காய் எண்ணெய் பூசும் வழக்கம் சிலரிடம் உண்டு; அது நாளடைவில் சிக்கு நாற்றமடிக்கும். உணவுக்கு ஏற்ற கனிம எண்ணெயும் தேன்மெழுகும் கலந்த பூச்சே சிறந்தது.

இவ்வாறு நோக்கினால், ஒட்டுக் கடைசலுக்கு வேண்டிய கருவிகளுள் விலை மிகுந்தது கடைசல் இயந்திரம். ஆனால், கிண்ணத்தைப் பிளவின்றி நிற்கச் செய்பவை ஓர் ஆப்பு, ஒரு பட்டைக் கவ்வி, ஓர் உப்புத்தாள் வட்டு ஆகிய எளிய பொருள்களே. பால் வற்றியதும் ஒரு காலத்தில் அடுப்பில் எரிந்த மரம், இன்று மேசைமேல் கிண்ணமாக அமர முடிகிறது. தோட்டத்து மரத்தின் குட்டைத் துண்டை வீசியெறியும் முன், அதில் 15 பாகைக் கோணம் ஒன்றைத் துல்லியமாக அறுக்க முடியுமா என்று முயன்று பார்ப்பதே இக்கலையின் முதல் பாடமாகும்.